கப்பலேறிப் போன பெரிய தாத்தாவைத் தேடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "என் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர் இருந்தாராம். வந்தவாசி பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி நேட்டாலுக்குப் போய்விட்டார் என்று மட்டும் சொல்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். போட்டோ, கடிதம் எதுவும் இல்லை. அவரைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?"

முடியும். அவர் போனது நேட்டால், அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவில் அப்போது ஆங்கிலேயர் ஆண்ட காலனி, என்பது உங்களுக்கு நல்ல விஷயம். இலங்கைக்கோ மலாயாவுக்கோ கங்காணி கூட்டிப் போனவர்களுக்கு ஆள்வாரியான பதிவு கிடைப்பது அபூர்வம். நேட்டாலுக்கு அப்படியில்லை. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 342 பேரோடு நேட்டாலின் துறைமுகமான டர்பனைச் சேர்ந்தது. மொத்தம் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அதில் அப்போது வந்தவாசியும் சேர்ந்திருந்த வட ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம்.

ஆனால் நேராகக் கப்பல் பட்டியலுக்குப் போய்விடாதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அது. பட்டியலில் நூற்றுக்கணக்கான முனுசாமிகளும் கோவிந்தன்களும் இருப்பார்கள். அவருடைய அப்பா பெயர், ஊர், தாலுகா, போன காலம் இந்த நாலும் கையில் இல்லாமல் பார்த்தால் யாரையாவது உங்கள் தாத்தா என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். அந்த நாலும் டர்பனில் இல்லை, உங்கள் ஊரில் இருக்கிறது.

முதலில் வீடு. பெரியவர்கள் பேச்சை மாற்றினால் நேர்க்கேள்வியை விட்டுவிடுங்கள். "அவர் ஏன் போனார்?" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். "யாருக்கெல்லாம் படையல் போடுவீங்க?" என்று கேட்டால் திறக்கும். இதை நான் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை பூவாடைக்காரிக்குப் படைப்போம். உங்கள் பக்கத்து வழக்கம்தான்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ செத்துப்போன பெண்ணைத் தெய்வமாக நினைத்துப் புதுப்புடவையும் பூவும் மஞ்சள் குங்குமமும் வைத்துக் கும்பிடுவது. எங்கள் வீட்டில் இரண்டு புடவை வைப்பார்கள். சின்ன வயதில் அது ஏனென்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் அத்தையைக் கேட்டேன். "அது மூத்தவளுக்கு" என்றார். எந்த மூத்தவள்? "எனக்கென்னடா தெரியும், எங்கம்மா வெச்சாங்க, நானும் வெக்கிறேன்." அவ்வளவுதான். பெயர் தெரியாத ஒருத்திக்கு மூன்று தலைமுறையாகப் புடவை எடுத்துக்கொண்டிருந்தோம்.

இதுபோல உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். அமாவாசைக்குக் கூடுதலாக ஓர் இலை போடலாம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தில், எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தாத ஒரு பெயர் நடுவில் வரலாம். அது யாருடைய பெயர் என்று கேளுங்கள். போனவர் திரும்பி வராதபோது தம்பி பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது சகஜம். மாமனார் பெயரையும் புருஷனின் அண்ணன் பெயரையும் மருமகள்கள் வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால் அந்தப் பிள்ளையை "பெரியவன்", "சாமி" என்றே கூப்பிட்டிருப்பார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவரின் பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள், தொலைந்த பெயர் அதில் இருக்கலாம். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதிய பழைய நோட்டு பூசாரி வீட்டிலோ நாட்டாமை வீட்டிலோ இருந்தால் அதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். பங்காளிகள் யார் யார், எந்தக் கிளை எப்போது நின்றுபோனது என்பது அதில் தெரியும்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டில் வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது என்பது என் அனுபவம். பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். நிறைய ஊர்களில் அந்தப் பதிவேடே கரையான் அரித்துப் போயிற்று. பத்திரப் பதிவு அப்படியில்லை. சொத்து சம்பந்தப்பட்டது என்பதால் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1ஆம் புத்தகத்தில் நகல் செய்யப்பட்ட பத்திரத்தின் பிரதியை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம். உயில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதையும் கேட்டு வாங்கலாம். வில்லங்கச் சான்று (ஈசி) என்பது ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். இணையத்தில் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட வருஷம் வரைக்கும்தான் பின்னால் போகும். அதற்கு முந்தையதற்கு மேனுவல் ஈசி போட வேண்டும். "1900லிருந்து எதுக்கு சார்?" என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். பொறுமையாக இருங்கள்.

பத்திரத்தை நிலத்துக்காகப் படிக்காமல் மனிதர்களுக்காகப் படியுங்கள். எழுதிக்கொடுப்பவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், சாதி, ஜீவனம், சில சமயம் பாட்டனார் பெயர்கூட முதல் பத்தியிலேயே வந்துவிடும். மைனர்கள் இருந்தால் வயதோடு வரும், கார்டியன் யார் என்று வரும். ஒரு சொத்து கைமாற வேண்டுமானால் அதில் உரிமை கேட்கக்கூடிய எல்லோருக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்கள் பத்திரத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் தாரம், தத்துப்பிள்ளை, வைப்பு, அவளுக்குப் பிறந்த பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த அரை ஏக்கர் எல்லாம்.

எங்கள் மூத்தவள் கிடைத்ததும் அப்படித்தான். கிணற்று நிலம் என்று எங்களுக்கு ஒரு நிலம் உண்டு. கொள்ளுத்தாத்தா கமலை இறைத்துச் சம்பாதித்தது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்த சர்வே நம்பருக்கு ஈசி போட்டபோது 1912ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரம் ஒன்று வந்தது. நகல் வாங்கி, அந்தக் கூட்டெழுத்தை உருப்பெருக்கியால் இரண்டு நாள் படித்தேன். எழுதிக்கொடுத்தவர்கள் பக்கத்து ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேர். "எங்கள் உடன்பிறந்தாளும் உமது மூத்த தாரமுமான காலஞ்சென்ற" என்று ஒரு பெயர். அவளுக்கு அவர்கள் தகப்பனார் சீதனமாகக் கொடுத்த நிலம் அது. அவள் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டாள். இனி அந்த நிலத்தில் தங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று 60 ரூபாய் வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

நூறு வருஷமாக எங்களுக்குச் சோறு போட்ட நிலம் அவளுடையது. அவள் பெயரைச் சொன்னால் நிலம் யாருடையது என்ற பேச்சும் கூடவே வரும். அதனால் பெயர் போய்விட்டது, புடவை மட்டும் மிஞ்சியது. நகலை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் படித்துக் காட்டினேன். நிலத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பேர் இன்னொரு தடவை சொல்லு" என்றார். அந்த வருஷப் படையலில் தேங்காய் உடைக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயரை இங்கே எழுதவில்லை, அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பேச்சை மாற்றுவதற்கு இதுபோல ஒரு நிலம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அண்ணன் போய்விட்டார், பாகம் பிரிக்கும்போது அவர் பங்கு எங்கே போனது? உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். "தேசாந்திரம் போய் இருக்குமிடம் தெரியாத எங்கள் மூத்த சகோதரர்" என்பது போன்ற ஒரு வரிதான் நீங்கள் தேடுவது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. அதனால் எத்தனை வருஷத்துக்கு முன் போனார் என்றும் பத்திரம் சொல்லலாம். அது கிடைத்தால் கப்பல் ஏறிய காலம் கையில் வந்துவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பழைய பத்திரத்திலும் ஜாதகத்திலும் ஆங்கில வருஷம் இல்லாமல் "விகாரி வருஷம் ஐப்பசி" என்று மட்டும் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்றில் விகாரி 1899இல் வரும், 1959இல் வரும், 2019இல் வரும். உங்கள் ஆளுக்கு எது பொருந்தும் என்று மற்ற பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பசலி, அதாவது நிலவரிக் கணக்குக்கான வருஷம், என்று போட்டிருந்தால் ஆங்கில வருஷத்துக்கு 590 கூட்டுங்கள். பசலி வருஷம் ஜூலையில் தொடங்கும் என்பதால் பசலி 1309 என்பது 1899 ஜூலை முதல் 1900 ஜூன் வரை. கிழவிகள் "தாது வருஷப் பஞ்சத்துல" என்று சொன்னால் அது 1876ஐ ஒட்டிய பெரும்பஞ்சம். வட ஆற்காட்டில் குடும்பங்கள் சிதறிய காலங்களில் அதுவும் ஒன்று.

சரி, அப்பா பெயரும் ஊரும் உத்தேச வருஷமும் கையில் வந்துவிட்டது. இப்போது கப்பல் பட்டியலைத் திறக்கலாம். அசல்கள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றை இணையத்தில் பார்க்கும்படி செய்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் காலனி நம்பர் (முன்னே சொன்ன ஆளுக்கொரு நம்பர்), பெயர், தகப்பனார் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் இருக்கும். பெயர் மறந்துபோன ஒருவருடைய இடது புருவத் தழும்பு நூற்றிருபது வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை. முதல்தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஏழுமலை என்பது எல்லுமலை ஆகியிருக்கும், முனுசாமி மூன்சாமி ஆகியிருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடுவதற்கு முன் ஊரை வைத்துத் தேடுங்கள். உங்கள் கிராமத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் போனவர்கள் எல்லோரையும் ஒரு தாளில் எழுதுங்கள். தனியாகப் போனவர்கள் குறைவு, ஏஜென்ட்டின் ஆள் சந்தையிலோ சத்திரத்திலோ நாலைந்து பேராகச் சேர்த்துத்தான் கூட்டிப் போவான். அடுத்தடுத்த நம்பரில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றாகப் பதிந்தவர்கள். உங்கள் ஆளின் பெயர் சிதைந்திருந்தாலும் பக்கத்து நம்பரில் உள்ள ஊர்க்காரரை வைத்துப் பிடித்துவிடலாம். சாதி வேறாக இருக்கிறதே என்று ஒரு வரியைத் தள்ளிவிடாதீர்கள். கப்பலேறும் வரை ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு.

அங்கே போனபிறகு என்ன ஆனார்? ஐந்து வருஷம் ஒப்பந்தம். பத்து வருஷம் இருந்தால் திரும்பி வர இலவசக் கப்பல். ஒப்பந்தம் முடித்து அங்கேயே தங்குபவர்கள் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டால் சட்டம் போட்டது. அது 1914 வரை நீடித்தது. கூலி வாங்குகிறவனுக்கு அது பெரிய பணம். அதனாலேயே மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள் உண்டு, ஊர் திரும்பியவர்களும் உண்டு. உங்கள் ஆள் தங்கிவிட்டார் என்றால் நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரக் காப்பகத்தில் இறந்தவர்களின் எஸ்டேட் கோப்புகளைப் பாருங்கள். அந்தக் கோப்பில் இருக்கும் இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கேட்டிருப்பார்கள். இந்தப் படிவங்களில் பல ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொன்றைக் கவனியுங்கள். நேட்டாலில் நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று புதிதாக வந்தது. முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார். மற்ற பலருக்குத் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அப்படியானால் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர், இங்கே உங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாத அந்தப் பெயர், டர்பனில் ஒரு வீட்டின் தபால் பெட்டியில் இன்றைக்கும் எழுதியிருக்கலாம்.

அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது தெரியவந்தால், இங்கே விட்டுப்போன மனைவி இருந்தாளா என்று கட்டாயம் பாருங்கள். பெரியவர்கள் மௌனத்துக்கு நிலத்துக்கு அடுத்த காரணம் இது. தாலி கட்டியவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பொட்டு வைப்பதா அழிப்பதா என்றே தெரியாமல் வாழ்ந்த பெண்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பட்டியலும் கிடையாது. ஜீவனாம்சமாக எழுதிக்கொடுத்த பத்திரம் இருந்தால் உண்டு.

போனது ஆண்கள் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. அந்தக் கணக்கை நிரப்பத் தனியாக வந்த பெண்களையும் ஏற்றினார்கள். விதவைகள், புருஷன் விரட்டியவர்கள், பஞ்சத்தில் யாருமில்லாமல் போனவர்கள். வீட்டுக் கதையில் "கிணத்துல விழுந்துட்டா", "எங்கயோ போயிட்டா" என்று முடிந்துபோன ஒரு பாட்டி உங்களுக்கு இருந்தால், பெண்கள் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

நேட்டால் என்பது வீட்டுப் பேச்சில் மாறியும் வந்திருக்கலாம். "கப்பலேறிப் போனார்" என்பதற்குப் பின்னால் எந்தத் தீவு வேண்டுமானாலும் இருக்கும். நேட்டாலில் இல்லையென்றால் மொரீஷியஸைப் பாருங்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன; 1860களுக்குப் பிறகு போனவர்கள் பலருடைய போட்டோவும் இருக்கிறது. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903இலிருந்துதான். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களுக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள காப்பகத்தின் இணையதளத்தில் படமாகவே கிடைக்கின்றன. அங்கே ஒரு சிக்கல்: 1881ஆம் வருஷ ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள், அதனால் ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பார்.

டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். அப்படிக் கட்டிய தம்பதியின் பிள்ளைக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். அதனால் தூரத்துச் சொந்தக்காரர்கூடச் சோதனையில் நெருங்கிய சொந்தமாகத் தெரிவார். டர்பன்காரர் ஒருவரோடு உங்களுக்குப் பொருத்தம் வந்தால், அது அந்த அண்ணன் வழியா வேறு வழியா என்று பத்திரமும் பட்டியலும்தான் சொல்லும்.

கிடைத்ததை எல்லோரிடமும் உடனே சொல்லிவிடாதீர்கள். வீட்டில் மூத்தவரிடம் தனியாக முதலில் சொல்லுங்கள். வாட்ஸாப் குரூப்பில் பத்திரத்தைப் போட்டு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தத்து, இரண்டாம் தாரம், சாதி விட்டுச் சாதி என்று எது வந்தாலும், அதனால் இன்று உயிரோடு இருக்கும் யாருக்காவது நோகுமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நோகும் என்றால் எழுதி உள்ளே வையுங்கள், அழிக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை வம்சாவளித் தளங்களில் ஏற்றவே வேண்டாம்.

டர்பனில் அவருடைய வாரிசுகளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் முதல் கடிதத்தைச் சின்னதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், அங்கே இப்போது தமிழ் படிப்பவர்கள் குறைவு. அவருடைய காலனி நம்பர், தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர் இவற்றைக் குறிப்பிடுங்கள். கோயிலின் போட்டோ ஒன்றும் அவர் பிறந்த தெருவின் போட்டோ ஒன்றும் வையுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அங்கேயும் யாராவது ஒரு பெரியவர் பேச்சை மாற்றிக்கொண்டிருப்பார். பதில் வந்து அவர்கள் ஊருக்கு வருகிறோம் என்றால், பங்கு கேட்டு வருகிறார்கள் என்று உங்கள் பங்காளிகளில் ஒருவராவது பயப்படுவார். வருகிறவர்கள் வந்திறங்குவதற்கு முன்பே அவரை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.